எட்டு லிட்டர் தண்ணீர்: கியூபெக்கில் ஆறு நாள்

முதல் நாள், மாண்ட்ரியல்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் தங்கை வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் சாயப் பார்த்தேன். மாப்பிள்ளை விடவில்லை. "இப்ப தூங்கினா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு கெடப்பீங்க மச்சான்" என்று சொல்லி, ஒரு தடிமனான கோட்டை என்மேல் மாட்டி, ஜான் தாலோன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மார்ச் மாதம் பாதி தாண்டிவிட்டது. நம்மூரில் இந்நேரம் மின்விசிறியை ஐந்தில் வைத்திருப்பார்கள். இங்கே நடைபாதை ஓரத்தில் பனி முழங்கால் உயரம், அதுவும் கறுத்துப்போன பனி. சந்தைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது மேப்பிள் சிரப், அதாவது மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி எடுத்த பாகு, அடைத்த தகர டப்பாக்களின் கோபுரம். எல்லா டப்பாவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் படம்: பனி, மரங்கள், சிவப்புக் குடிசை, புகைபோக்கி. எல்லாமே 540 மில்லி. யார் காய்ச்சியது என்பது டப்பாவின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிப் புட்டியில் இலை வடிவத்தில் விற்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு என்றார் மாப்பிள்ளை. ஊர்க்காரர்கள் வாங்குவது இந்தத் தகர டப்பாவைத்தான்.

கடைக்காரப் பெண் நாலு குச்சிகளில் நாலு நிறம் தொட்டுக் கொடுத்தாள். தங்க நிறம், ஆம்பர், அடர் நிறம், மிக அடர் நிறம். தரம் என்னவோ எல்லாம் ஒன்றுதான், நிறமும் ருசியும்தான் வேறு. பருவத்தின் தொடக்கத்தில் காய்ச்சுவது வெளுப்பாக, லேசான ருசியோடு வரும். நாளாக ஆக மரத்து நீரில் நுண்ணுயிர்கள் பெருகும். அவை சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் ஆக்கிவிடும். அது அடுப்பில் ஏறும்போது சீக்கிரம் கறுக்கும், ருசியும் கனக்கும். விலை உயர்ந்தது தங்க நிறம் என்று நினைத்து அதை முதலில் நக்கிப் பார்த்தேன். சீனிப் பாகு மாதிரிதான் இருந்தது. நாலாவது குச்சி நாக்கில் பட்டதும்தான் நிமிர்ந்தேன். உடன்குடிப் பக்கம் எங்கள் ஆச்சி பதநீர் காய்ச்சும் விடிலியில், கருப்பட்டிக்கு முந்தின நிலையில் ஒரு கரண்டி எடுத்துக் கையில் ஊற்றுவாள். கூப்பனி என்போம். கிட்டத்தட்ட அது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள் தங்கை. இதற்குத்தான் வந்தேன்.

இரண்டாம் நாள், மாண்ட்ரியல்

இன்று கிளம்பியிருக்க வேண்டியது. காலையில் பிளெஸிவில் ஊர்ப் பக்கத்து மேப்பிள் தோப்புக்காரரிடம் மாப்பிள்ளை ஃபோனில் பேசினார். பதில் ஒரே வரி: ஒன்றும் ஓடவில்லை, வராதீர்கள்.

வெளியே பகலிலேயே மைனஸ் 9. இங்கே கதை இப்படி: இரவு பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும், பகல் பூஜ்யத்துக்கு மேலே ஏற வேண்டும். இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் மரம் நீர் கொடுக்கும். ராத்திரியும் பகலும் குளிராகவே இருந்தால் கட்டை. ராத்திரியும் பகலும் சூடாகவே இருந்தாலும் நின்றுபோகும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை, மொத்தமே சில வாரங்கள். அதற்குள் எத்தனை நாள் ஓடும் என்பது வானிலையின் கையில்.

சும்மா இருப்பானேன் என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் போனேன். அவள் நேராகப் போய் எடுத்தது ஒரு பிளாஸ்டிக் பாட்டில். சோளச் சர்க்கரைப் பாகு, நிறம், செயற்கை மணம். மேப்பிள் ஒரு சொட்டுகூடக் கிடையாது. தோசைக்கும் அவளுக்கு இதுதானாம். கியூபெக்காரர்கள் இந்தச் சரக்குக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: கம்பத்து சிரப். மரத்தில் துளை போடாமல் டெலிஃபோன் கம்பத்தில் துளை போட்டு எடுத்தது என்று கிண்டல்.

அந்தச் செயற்கை மணத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணம் சோடோலோன் என்ற ஒரு பொருள். நிறைய இருந்தால் குழம்பு வாசனை. மிகமிகக் கொஞ்சமாக இருந்தால் மேப்பிள் சிரப் வாசனை. அதனால் போலி சிரப்புக்கு மணம் சேர்க்க வெந்தயச் சாற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். 2005லிருந்து நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது தெருவெல்லாம் மேப்பிள் சிரப் வாசனை வீசியது. யாரோ விஷவாயு விடுகிறார்களோ என்று பயந்து ஜனங்கள் மாநகராட்சிக்கு ஃபோன் போட்டார்கள். நாலு வருஷம் கழித்து 2009ல்தான் கண்டுபிடித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் மணப்பொருளுக்காக வெந்தயம் பதப்படுத்திக்கொண்டிருந்தார்களாம். இதைச் சொன்னதும் தங்கை அஞ்சறைப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "போண்ணே, எனக்கு சாம்பார்தான் அடிக்குது."

மூன்றாம் நாள், ஓடனாக் வழியாக பிளெஸிவில்

நாளை பகல் ப்ளஸ் 5 ஆகும் என்று வானிலை அறிக்கை சொன்னது. கிளம்பிவிட்டோம்.

நேர் வழியில் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குத் தென்கரையிலேயே சுற்றிக்கொண்டு ஓடனாக் போனோம். பூர்வகுடிகளான அபெனாக்கி மக்களின் ஊர். செயின்ட் ஃபிரான்சுவா ஆற்றங்கரையில், சின்ன ஊர். அவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது. பிர்ச் மரப்பட்டையை மடித்துத் தைத்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நம்மூர் பனையோலைப் பட்டையை மடித்துப் பதநீர் குடிப்போமே, அந்தக் கைவேலைதான், பொருள் மட்டும் வேறு.

கடைகளில் விற்கும் டப்பாவைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி இருக்கும். கிடையாது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறுவதற்கு முன்பே அபெனாக்கி, மிக்மாக், ஹோடினோஷோனி, அனிஷினாபே மக்கள் மேப்பிள் மரத்தைக் கீறி நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டைப் பாத்திரத்தை அடுப்பில் வைக்க முடியாது. அதனால் கல்லை நெருப்பில் காய வைத்து, பழுத்ததும் நீருக்குள் போடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. ராத்திரி வெளியே வைத்துவிட்டால் மேலே தண்ணீர் மட்டும் உறையும். காலையில் பனிக்கட்டியை எடுத்து எறிந்தால் மிச்சமிருப்பதில் இனிப்பு கூடும். குளிரையே அடுப்பாக்கிய ஆட்கள். இரும்பு, செம்புக் கொப்பரைகள்தான் ஐரோப்பியர்கள் கொண்டுவந்தவை. அப்போது செய்ததும் சிரப் இல்லை, கட்டிச் சர்க்கரை. கெடாது, சுமந்து போக வசதி. கரும்புச் சர்க்கரை மலிவாகி, தகர டப்பாவும் வந்த பிறகுதான் சிரப் முன்னுக்கு வந்தது.

அபெனாக்கிகளிடம் ஒரு கதை உண்டு. ஆதியில் மேப்பிள் மரத்திலிருந்து கெட்டிப் பாகாகவே சொட்டியதாம். குளூஸ்காபே என்பவன் ஒரு கிராமத்துக்கு வருகிறான். வீடுகள் பாழடைந்து கிடக்கின்றன, அடுப்பு அணைந்திருக்கிறது. ஆட்களைத் தேடினால் தோப்பில் மரத்தடியில் மல்லாக்கப் படுத்து வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாகு நேரே வாயில் விழுகிறது. கோபம் வந்து ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு மரங்களுக்குள் ஊற்றிவிட்டானாம். இனிமேல் இனிப்பு வேண்டுமென்றால் விறகு வெட்டு, காய்ச்சு. அதுவும் வருஷத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும் என்று.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினான் என்பதை நாளைக்குப் பார்க்கப் போகிறேன்.

பிளெஸிவில் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. உலக மேப்பிள் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிட்டது.

நான்காம் நாள், தோப்பு

இன்று ஓடியது.

காலை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது மைனஸ் 4. தோப்புக்காரர் எழுபதை நெருங்கும் பெரியவர். அவருக்கு ஆங்கிலம் நாலைந்து வார்த்தை, எனக்குப் பிரெஞ்சு அதுவும் கிடையாது. நடுவில் மாப்பிள்ளை. பெரியவர் என் காலணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து போட்டார்.

இலையில்லாத மரங்கள், சாம்பல் நிறப் பட்டை. இலையே இல்லாமல் எதை வைத்து இது மேப்பிள் என்று கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கிளைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாகக் கிளம்புவதைக் காட்டினார். சர்க்கரை மேப்பிள்தான் முக்கியம், சிவப்பு மேப்பிளிலும் எடுப்பதுண்டு. மரம் ஒரு சாண் விட்டத்துக்கு மேல் பெருத்தால்தான் கை வைப்பார்கள். அதற்கு 40 வருஷமோ அதற்கு மேலோ ஆகும். பெரியவர் தட்டிக்காட்டிய ஒரு மரம் அவருடைய தாத்தா காலத்திலிருந்தே கொடுக்கிறதாம்.

துளை போடுவதை எனக்காக ஒரு மரத்தில் செய்து காட்டினார். 8 மில்லிமீட்டர் பிட், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், வாய்ப்பக்கம் லேசாகக் கீழே சாய்ந்தாற்போல. பழுப்புத் தூள் வந்தால் செத்த மரம், வெளுத்த தூள் வந்தால் உயிர். வெளுப்பாகத்தான் வந்தது. நீர் வடிய ஒரு சின்ன மூக்குக் குழாயை வைத்து மர சுத்தியலால் தட்டினார். டக் டக் என்ற சத்தம் மாறி ஒரு மொத்தைச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி அடித்தால் மரம் பிளந்து ஒழுகுமாம். போன வருஷத் தழும்பு பக்கத்திலேயே இருந்தது, ஏறக்குறைய மூடிவிட்டது. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள மரம் இனி நீர் கடத்தாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் இடம் தள்ளித் தள்ளித்தான் துளை.

மூக்கின் நுனியில் ஒன்றுமில்லை. காத்திருந்தோம். காபி குடித்தோம். பத்தரை மணிக்கு வெயில் பட்டைமேல் ஏறியது. நுனியில் ஒரு சொட்டு கூடி, தொங்கி, விழுந்தது. அடுத்தது. கொஞ்ச நேரத்தில் வாளியின் அடித் தகரத்தில் டிங் டிங் என்று கடிகாரம் போல விழ ஆரம்பித்தது. கையேந்திக் குடித்தேன்.

தண்ணீர். சத்தியமாகத் தண்ணீர்தான். விழுங்கிய பிறகு, யோசித்தால், ஒரு இனிப்பு. 100 பங்கில் 2 பங்குதான் சர்க்கரை. இங்கே இதைச் சாறு என்றுகூடச் சொல்வதில்லை, 'மேப்பிள் தண்ணீர்' என்றுதான் பெயர். பதநீரில் இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். எங்கள் ஆச்சி இதைக் குடித்திருந்தால் பானையைக் கழுவிய தண்ணீரா என்று கேட்டிருப்பாள்.

இது ஏன் ஓடுகிறது என்பது விசித்திரமானது. கோடையில் மரம் நீரை மேலே இழுப்பது இலைகளால். இப்போது இலையே இல்லை. மேப்பிள் மரத்தின் நார்களுக்குள் காற்று நிரம்பிய இடங்கள் உண்டு. ராத்திரி உறையும்போது அங்கே பனி படிந்து காற்று நெருக்கப்படுகிறது, வேரிலிருந்து நீர் மேலே உறிஞ்சப்படுகிறது. பகலில் உருகும்போது அடைபட்ட காற்று விரிந்து நீரை நெருக்குகிறது. அப்போது எங்கே துளை இருக்கிறதோ அங்கே பிதுங்குகிறது. சர்க்கரை? போன கோடையில் இலைகள் சமைத்து மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்தது.

வாளி எனக்காகத்தான். மற்ற மரங்களில் எல்லாம் நீல நிற பிளாஸ்டிக் குழாய். மரத்துக்கு மரம், இடுப்பு உயரத்தில், தோப்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி. சரிவில் இறங்கி எல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து கொட்டகைக்குப் போகிறது. வெற்றிட மோட்டார் இழுக்கிறது. படம் எடுக்க அழகில்லை, உண்மைதான். பெரியவரிடம் சொன்னேன். "வாளி அழகு. சுமந்து பார்" என்றார். அவருக்குத் தீராத தொல்லை அணில்கள். குழாயைக் கடித்துவிடும். தினமும் இடுக்கியும் கையுமாகத் தோப்பைச் சுற்றுகிறார்.

காய்ச்சுவது மத்தியானம் தொடங்கியது. முதலில் நீர் ஒரு சவ்வு வடிகட்டி இயந்திரத்துக்குள் போகிறது. நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம்தான், கொஞ்சம் பெரிசு, வேலை மட்டும் தலைகீழ்: நாம் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுவோம், இவர்கள் நல்ல தண்ணீரைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார்கள். முக்கால்வாசித் தண்ணீர் அங்கேயே போய்விடுகிறது, விறகு மிச்சம். அப்புறம் நீளமான துருப்பிடிக்காத எஃகுத் தட்டு, அதற்குள் தடுப்புகள். ஒரு முனையில் நீர் நுழைந்து வளைந்து வளைந்து போய் மறுமுனையில் சிரப்பாக வர வேண்டும். கொட்டகைக்குள் ஆள் முகம் தெரியாத ஆவி. கூரையில் கதவு திறந்திருக்கிறது, அதன் வழியாக மேகம் மாதிரி வெளியேறுகிறது.

ஒரு தடவை நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. பெரியவர் அவசரப்படவே இல்லை. வெண்ணெயைத் துளி எடுத்து உள்ளே விட்டார். பொசுக்கென்று அடங்கிவிட்டது. ஆச்சி ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள். அந்தக் காலத்தில் இங்கே பன்றிக் கொழுப்பு ஒரு துண்டைச் சட்டிக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம், நுரை ஏறி வந்து தொட்டதும் தானே அடங்கிவிடும்.

பதம் என்பது 104 டிகிரி. தண்ணீர் கொதிப்பதைவிட 4 டிகிரி கூட. அப்போது நூற்றுக்கு 66 பங்கு சர்க்கரை. குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் டப்பாவின் அடியில் கற்கண்டு கட்டும். வெப்பமானி இருக்கிறது, அடர்த்தி பார்க்கும் மிதவை இருக்கிறது. இருந்தும் பெரியவர் அகலமான கரண்டியை முக்கித் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. மறுபடி. மறுபடி. ஏழாவதோ எட்டாவதோ முறை சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரண்டியின் விளிம்பில் ஒரு திரையாகத் தொங்கியது. மதகைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் வெப்பமானியைப் பார்த்தார்.

40 லிட்டர் உள்ளே போனால் 1 லிட்டர் வெளியே. ஒரு துளை ஒரு பருவம் முழுக்கக் கொடுப்பதே ஏறக்குறைய அந்த 40 லிட்டர்தான். வேறு எதுவும் சேர்ப்பதில்லை. வடிகட்டும்போது துணியில் மணல் மாதிரி ஒரு வண்டல் நிற்கிறது, மரத்துத் தாதுக்கள். அதை எடுத்துவிட்டு டப்பாவில் அடைக்க வேண்டியதுதான்.

அறைக்குத் திரும்பியபோது இரவு மணி பதினொன்று. கோட்டு, தலைமுடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் பிசுபிசு. பெரியவர் இன்னும் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். நீரை ரொம்ப நாள் தேக்கிவைத்தால் கெட்டுவிடும், முடிந்தவரை ஓடுகிற அன்றைக்கே முடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், லோரியர்வில், மறுபடி மாண்ட்ரியல்

சர்க்கரைக் குடில் சாப்பாடு என்று ஒன்று இந்தப் பருவத்தில் ஊருக்கு ஊர் நடக்கும். நீண்ட மேசை, பட்டாணி சூப், பீன்ஸ், ஹாம், முட்டை, எல்லாவற்றின் மேலும் சிரப். பன்றித் தோலை மொறுமொறுவென்று பொரித்து வைக்கிறார்கள், அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'கிறிஸ்துவின் காதுகள்'. இங்கே கிறிஸ்து என்பது கெட்டவார்த்தைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நான் இரண்டு காது சாப்பிட்டேன், அதற்கு மேல் முடியவில்லை. திகட்டல். வெளியே தொட்டியில் சுத்தமான பனியை நிரப்பி, உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சிய சிரப்பைக் கோடு கோடாக ஊற்றினார்கள். அரை நிமிஷத்தில் இறுகுகிறது. ஐஸ் குச்சியால் சுருட்டி வாயில் போட்டால் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதை மட்டும் நாலு தடவை.

திரும்பும் வழியில் லோரியர்வில்லில் வண்டியை நிறுத்திச் சிரப் சேமிப்புக் கிடங்கை வெளியிலிருந்து பார்த்தோம். உலகத்து மேப்பிள் சிரப்பில் 70 சதவீதம் போல கியூபெக்கில் ஆகிறது. உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஒன்று ஆளுக்கு இவ்வளவு என்று அளவு நிர்ணயித்து, மிஞ்சுவதைப் பீப்பாயில் அடைத்துக் கிடங்கில் வைக்கிறது. சில நாடுகள் பெட்ரோலை வைப்பது போல. 2021ல் விளைச்சல் 13 கோடி பவுண்டாகச் சுருங்கியபோது சேமிப்பிலிருந்து சுமார் 5 கோடி பவுண்டை வெளியே விட்டார்கள். அடுத்த வருஷம் 21 கோடியாகக் கொட்டியது. வானிலைதான் காரணம், இரண்டுக்கும்.

இதே கூட்டமைப்பு செயின்ட் லூயி த பிளாண்ட்ஃபோர்டில் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில்தான் அந்தப் பிரபலமான திருட்டு நடந்தது. 2011, 2012ல் சுமார் 3000 டன். மதிப்பு 1.8 கோடி டாலர். பீப்பாய்களை லாரியில் கொண்டுபோய்ச் சிரப்பை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றித் திரும்ப வைத்திருக்கிறார்கள். போகப்போகச் சோம்பல் வந்து சும்மா காலியாகவே வைத்துவிட்டார்கள். சரக்கைச் சரிபார்க்க வந்தவர் அடுக்கின்மேல் ஏற, கனமாக நிற்க வேண்டிய பீப்பாய் ஆடியது. அப்படித்தான் பிடிபட்டார்கள். முக்கியக் குற்றவாளிக்கு 8 வருஷம் சிறை. 90 லட்சம் டாலருக்கு மேல் அபராதத்தை 2022ல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. குளூஸ்காபே ஊற்றிய தண்ணீருக்கு அடுத்தபடி இதுதான் பெரிசு என்றார் மாப்பிள்ளை.

காலையில் பெரியவரிடம் விடைபெறும்போது, வீட்டில் காய்ச்சிப் பார்க்கிறேன் என்று நேற்றைய வாளி நீரோடு கொஞ்சம் சேர்த்து எட்டு லிட்டர் கேட்டு வாங்கினேன். "சமையலறையிலா?" என்று இரண்டு முறை கேட்டார். ஏன் என்று சொல்லாமல் சிரித்தார்.

ஆறாம் நாள், தங்கை வீடு

சிரித்த காரணம் காலை பதினோரு மணிக்குத் தெரிந்தது. எட்டு லிட்டரில் ஏழே முக்கால் லிட்டர் ஆவியாகி எங்கேயாவது போயாக வேண்டுமே. ஜன்னல் முழுக்க ஒழுகியது, அலமாரிக் கதவுகள் வியர்த்தன, கூரையிலிருந்து சொட்டியது. இருமுறை புகை எச்சரிக்கை மணி அடித்தது. தங்கை ஒரு துண்டை வைத்து அதை விசிறிக்கொண்டே என்னைப் பேசியது இங்கே எழுதத் தகாது.

ஐந்தரை மணி நேரம். கடைசி அரை மணி நேரம் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எனக்குத் திரை விழவேயில்லை, வெப்பமானி 104 காட்டியதும் இறக்கிவிட்டேன். துணியில் வடிகட்டினேன். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. ஆம்பர் நிறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நல்ல தெளிவு. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "கூப்பனிதானடா?" என்றாள்.

மாலையில் தங்கை தோசை வார்த்தாள். மருமகள் தட்டில் முதல் கரண்டி நான்தான் ஊற்றினேன். தோசையின் துளைகள் வழியாக இறங்கித் தட்டில் ஓடிவிட்டது. அவள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா ரொம்பத் தண்ணியா இருக்கு."